போக்கரில் டர்னில் (நான்காவது பொதுச் சீட்டில்) செக்-ரைஸ் (முதலில் பெட் போடாமல் விட்டு, நாம் போட்டதும் உயர்த்துவது) வந்தால் என்ன செய்வது?

லிமிட் ஹோல்டம் (பெட் அளவு நிர்ணயித்த போக்கர்), 2/4 சிப் (ஃப்ளாப்வரை 2, டர்னிலிருந்து 4), ஆறு பேர் மேசை. மூன்று மாதமாக இதே இடத்தில்தான் சிக்குகிறேன்.

நேற்றைய கை: பட்டனில் (ஃப்ளாப்பிலிருந்து கடைசியாக ஆடும் இடத்தில்) எனக்கு ராஜா ஜோடி. ரைஸ் செய்தேன் (உயர்த்தினேன்), பிக் பிளைண்ட் (சீட்டு பார்க்குமுன் கட்டாயமாக 2 வைத்தவர்) மட்டும் கால் (அதே அளவு போட்டார்). ஃப்ளாப் (முதல் மூன்று பொதுச் சீட்டு) ஜாக்கி, 8, 3, அதில் இரண்டு ஆர்ட்டின். நான் பெட், அவர் ரைஸ், நான் மறு ரைஸ், கால். டர்னில் ஆர்ட்டின் அல்லாத 5. செக் செய்தார்; நான் 4 வைத்ததும் 8 ஆக்கினார். நடுவில் சேர்ந்தது (பாட்) 33 சிப்.

முதல் மாதம் கால் மட்டுமே செய்தேன். ஐந்து ஆர்ட்டின் சேருமா என்று துரத்தியவர்களிடம் கிடைக்க வேண்டியது போயிற்று. பிறகு மறு ரைஸ்; இரண்டு முறை செட் (ஒரே எண்ணில் மூன்று சீட்டு) காட்டினார்கள், கை நடுங்கிவிட்டது. ஃபோல்ட் செய்ய (சீட்டைப் போட்டுவிட்டு விலக) மனமில்லை, ரிவர்வரை (கடைசிப் பொதுச் சீட்டுவரை) 8 சிப் போட்டால் 37 கிடைக்குமே.

அவர் அடிக்கடி ரைஸ் செய்பவர். இங்கே மூன்றாவது பெட் போடலாமா, ரிவர்வரை கால் மட்டும் போதுமா?