புப்ரெனார்ஃபின் எடுப்பவருக்கு இரவு ஷிப்ட்: மருந்தை எப்போது கொடுப்பது?

எங்கள் மறுவாழ்வு இல்லத்துப் பையன், வயது 23. ஹெராயினை விட்டு ஐந்து மாதம். ஹெராயின் ஏக்கத்தை அடக்கும் மருந்தான புப்ரெனார்ஃபின்-நலாக்சோன் 8 மி.கி., தினமும் காலையில் நாக்கடியில். கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சிக்கல்: விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கொட்டாவி, மூக்கொழுகல், கால் குடைச்சல், மருந்தின் வேகம் குறைந்தால் வருவதுபோல. பகலில் தூக்கமும் இல்லை.

கரையுமுன் விழுங்குகிறானோ என்று பார்த்தோம். இல்லை; வாயை நனைத்துக்கொண்டு, பத்து நிமிடம் பேசாமல்தான் வைத்திருக்கிறான். நள்ளிரவுக்குப் பின் காபியை நிறுத்தியாயிற்று, அறையை இருட்டாக்கியும் பார்த்தாயிற்று. தூக்க மாத்திரைப் பேச்சே வேண்டாம், பென்சோடயசிபைன் வகைத் தூக்க மாத்திரை இதோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். வேலையை விடச் சொல்லவும் மனமில்லை. சம்பளம் வந்தபிறகுதான் நிமிர்ந்து நடக்கிறான்.

அடுத்த வாரம் டாக்டரிடம் பேசப் போகிறோம். இரவு ஷிப்ட்காரர்களுக்கு எது கைகொடுத்தது: மொத்த டோஸையும் மாலைக்கு மாற்றியதா, 4+4 ஆகப் பிரித்ததா?