ஹூக்-அப்பில் இணைத்திருந்தும் கேம்பர்வேனின் லெஷர் பேட்டரி ஏறவில்லை: கோளாறு எங்கே?

வேன்வாசி கேட்டது:

வணக்கம். நான் இங்கிலாந்தில், லெஸ்டரில் வசிக்கிறேன். வேறொருவர் கேம்பர்வேனாக மாற்றியமைத்திருந்த பழைய வேன் ஒன்றைச் சென்ற ஆண்டு வாங்கினேன். எஞ்சினை முடுக்கும் பேட்டரி தனியாகவும், விளக்கு, தண்ணீர் பம்ப், டீசல் ஹீட்டர் ஆகியவற்றுக்கான 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (ஈய-அமில வகை) லெஷர் பேட்டரி தனியாகவும் உள்ளன.

அக்டோபர் இறுதியில் வேல்ஸின் எரிரி மலைப்பகுதியில் இரண்டு இரவுகள் தங்கினோம். முகாம் தளத்தின் மின்தூணில் (இந்த இணைப்பைத்தான் ஹூக்-அப் என்கிறார்கள்) நீலநிற 16 ஆம்பியர் பிளக்கைச் செருகியவுடன் வேனுக்குள் 230 வோல்ட் சாக்கெட்டுகள் வேலை செய்தன. கெட்டிலில் தேநீரும் போட்டுக் குடித்தோம். ஆகவே பேட்டரியும் ஏறிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கையில் உறங்கிவிட்டோம். இரண்டாம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஹீட்டர் நின்றுபோயிற்று. மீண்டும் முடுக்கியபோது மின்னழுத்தம் குறைவு என்று காட்டிவிட்டு அணைந்தது. சுவரிலுள்ள மீட்டர் 11.8 வோல்ட் காட்டியது.

இருக்கைக்கு அடியில் 15 ஆம்பியர் சார்ஜர் ஒன்று இருக்கிறது. அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பழுது பேட்டரியிலா, சார்ஜரிலா? இந்த ஏஜிஎம்மை எடுத்துவிட்டு லித்தியம் பேட்டரி வைத்தால் பிரச்சினை தீருமா?

ஓம்விதி எழுதிய மறுமொழி:

சாக்கெட்டில் மின்சாரம் வருவது வேறு, பேட்டரி ஏறுவது வேறு. தூணிலிருந்து வரும் 230 வோல்ட், வேனிலுள்ள ஆர்சிடியையும் (மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சுவிட்ச்) எம்சிபிகளையும் (மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்கள்) கடந்தவுடன் இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. ஒன்று நேராகச் சாக்கெட்டுகளுக்குச் செல்கிறது. மற்றொன்று சார்ஜருக்குச் சென்று, அங்கே 12 வோல்ட் பக்கத்துக்கு மாறி, ஒரு ஃபியூஸ் வழியாகப் பேட்டரியை அடைகிறது. உங்கள் பச்சை விளக்கு சொல்வதெல்லாம் சார்ஜருக்குள் மின்சாரம் வந்திருக்கிறது என்பதை மட்டுமே. வெளியே போகிறதா என்பதை அது சொல்லாது.

சுவர் மீட்டரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஒரு மல்டிமீட்டரை எடுத்து, முதலில் ஹூக்-அப் இல்லாமல், பேட்டரியின் இரு முனைகளிலேயே நேரடியாக அளவெடுங்கள். பிறகு ஹூக்-அப்பை இணைத்து அதே முனைகளில் மறுபடி அளவெடுங்கள். 12.1 வோல்ட் இருந்தது சில நிமிடங்களில் 13 வோல்ட்டைத் தாண்டினால் சார்ஜ் ஏறுகிறது, அசையாமல் 12.1-லேயே நின்றால் ஏறவில்லை. அசையவில்லையெனில் சார்ஜரின் 12 வோல்ட் முனையில் அளவெடுங்கள். அங்கே 13.5-க்கு மேல் இருந்து பேட்டரியில் மட்டும் இல்லையென்றால், கோளாறு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கம்பியிலோ ஃபியூஸிலோதான் இருக்க வேண்டும்.

230 வோல்ட் பக்கத்து மூடிகள் எதையும் திறக்காதீர்கள். அது தகுதிபெற்ற மின்பணியாளரின் வேலை. 12 வோல்ட்தானே என்று பேட்டரியை அலட்சியமாக எண்ணவும் வேண்டாம். ஸ்பேனர் ஒன்று இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். கைவிரலில் மோதிரம் இருந்தால் கழற்றிவிட்டு இறங்குங்கள்.

வடமராட்சியான் எழுதிய மறுமொழி:

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். தளத்தில் தரும் மின்சாரம் போதவில்லையோ என்று பலர் ஐயுறுகிறார்கள். பற்றரியைப் பொறுத்தவரை அந்த ஐயம் தேவையற்றது. 15 ஆம்பியர் சார்ஜர் முழு வீச்சில் 14 வோல்ட்டில் தருவது 210 வாட். இழப்பையும் சேர்த்தால் தூணிலிருந்து இழுப்பது ஏறத்தாழ ஒரு ஆம்பியர் மட்டுமே. 6 ஆம்பியர் மட்டும் தருகின்ற தூணும் அதற்குத் தாராளமாகப் போதும். அங்கே பிரேக்கரை விழுத்துவது கெட்டில்தான்: வீட்டில் பாவிக்கும் 3 கிலோவாட் கெட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வாகனத்தில் சிறிய கெட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு தேநீருக்காகப் பொறுமையோடு காத்திருக்கப் பழகிவிட்டோம்.

நேரத்தையும் கவனியுங்கள். பாதி வெறுமையான ஏஜிஎம் பற்றரிக்கு முதல் 30 ஆம்பியர்-மணி விரைவாக ஏறிவிடும்; கடைசி 20 விழுக்காடு நத்தை வேகத்திலேயே ஏறும், ஏனெனில் நிரம்ப நிரம்ப அது ஏற்றுக்கொள்ளும் மின்னோட்டம் குறைந்துகொண்டே வரும். தங்கள் சார்ஜர் 14.4 வோல்ட் வரை உயர்த்திப் பின்னர் 13.6-க்கு இறக்கும் பல படி வகையா, அல்லது எந்நேரமும் 13.8-லேயே நிற்கும் பழைய வகையா என்று அதன் மேலுள்ள லேபிளில் பாருங்கள். பழைய வகையென்றால் ஓரிரவில் நிறைவது அரிது.

கேபிளைச் சுருளாகவே விட்டு இணைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 25 மீட்டரையும் விரித்து, முதலில் வாகனத்திலும் பிறகு தூணிலும் செருகுங்கள். கழற்றும்போது தூணிலிருந்து தொடங்குங்கள்.

வேன்வாசி மீண்டும் எழுதியது:

இருவருக்கும் நன்றி. வீட்டு வாசலில், ஆர்சிடி பாதுகாப்புள்ள சாக்கெட்டிலிருந்து அடாப்டர் வழியாக இணைத்துச் சோதித்தேன். சார்ஜரின் முனையில் 13.8 வோல்ட், பேட்டரியில் 12.1, அசைவே இல்லை. இடையிலிருந்த பிளேடு ஃபியூஸைக் கழற்றிச் சோதித்தேன், அது அறுபடவில்லை. அரை நாள் குழம்பிய பிறகே ஃபியூஸ் ஹோல்டரைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக் உருகிக் கருகியிருந்தது. ஃபியூஸின் ஒரு கால் ஹோல்டரின் உலோகத்தைத் தொடவே இல்லை. பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டுப் புதிய ஹோல்டரைப் பொருத்தினேன். இப்போது பேட்டரியில் 13.2 வோல்ட் வருகிறது. ஆனால் ஒரு முழு நாள் ஏற்றி, எல்லாவற்றையும் அணைத்து, மறுநாள் பார்த்தால் 12.5-தான் காட்டுகிறது. சார்ஜர் லேபிளில் 13.8 என்ற ஒரே எண் மட்டும் உள்ளது. கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். சார்ஜருக்கும் பேட்டரிக்கும் இடையே 3 மீட்டர் தூரம்.

ஓம்விதி எழுதிய மறுமொழி:

ஃபியூஸ் நன்றாக இருந்து ஹோல்டர் கருகுவது வேன்களில் அடிக்கடி காண்பதுதான். பிடிப்பு தளர்ந்தால் தொடும் இடத்தில் சூடாகிறது. சூடாக ஆக இன்னும் தளர்கிறது.

ஏற்றத் தொடங்கிய உடனே 13.2 காட்டுவதற்குக் கம்பியே காரணமாக இருக்கலாம். போகவும் வரவும் சேர்த்து 6 மீட்டர் செம்பு, 2.5 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 0.04 ஓம்; 15 ஆம்பியர் பாயும்போது 0.6 வோல்ட் வழியிலேயே கரைகிறது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியாக மாற்றினால் அந்த இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறையும். ஆனால் மின்னோட்டம் குறையக் குறைய இந்த இழப்பும் குறைந்துவிடும் என்பதால், ஒரு முழு நாளுக்குப் பிறகும் 12.5-லேயே நிற்பதற்குக் கம்பியைக் குற்றம் சொல்ல முடியாது. நிறைந்த ஏஜிஎம் ஓய்வில் 12.7-க்கு மேல் காட்ட வேண்டும். பல மாதங்கள் அரைகுறையாகக் கிடந்ததில் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகியிருக்கும் என்பது என் கணிப்பு.

உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். 14.4 வோல்ட் தரும் பல படி சார்ஜர் ஒன்றை, ஏஜிஎம் நிலையில் வைத்து, ஒரு முழு நாள் ஏற்றிப் பாருங்கள். அந்தச் சார்ஜர் எப்படியும் உங்களுக்குத் தேவைதான். பிறகு 60 வாட் பல்பு ஒன்றை, அதாவது 5 ஆம்பியர் சுமையை, பத்து மணி நேரம் எரியவிடுங்கள். நல்ல பேட்டரியாக இருந்தால் 50 ஆம்பியர்-மணி போன பின்பும், சுமையை எடுத்துச் சில மணி நேர ஓய்வுக்குப் பிறகு 12.1 அல்லது 12.2-இல் நிற்கும். நான்கைந்து மணி நேரத்திலேயே 11.8-க்கு இறங்கினால், அதன் ஆயுள் முடிந்தது.

லித்தியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த 13.8 சார்ஜரை வைத்துக்கொண்டு அதற்கு மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உறைநிலைக்குக் கீழே உள்ள லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்களில் சார்ஜ் ஏற்றக் கூடாது; ஏற்றினால் செல்கள் நிரந்தரமாகப் பழுதாகும். நல்ல பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று) அந்நேரத்தில் ஏற்றத்தை நிறுத்திவிடும். வேல்ஸில் குளிர்கால இரவுகளையும் கழிக்கப்போகிறீர்கள் என்றால், உள்ளேயே சூடேற்றும் ஏற்பாடு உள்ள பேட்டரியைத் தேடுங்கள், அல்லது வேனின் சூடான உட்பகுதியில் அதைப் பொருத்துங்கள். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்நேட்டரிலிருந்து ஏற்றும் ரிலேயையும் அப்போது மாற்ற வேண்டிவரும். முதலில் பல்புச் சோதனையைச் செய்து, எத்தனை மணி நேரம் தாங்கியது என்று இங்கே எழுதுங்கள்.