உதவி: பிக்கப் வண்டி நிற்கப் போகும் நேரத்தில் பிரேக் பெடல் அதிர்கிறது

பள்ளிகொண்டா லோடு: பிரேக்கை மிதித்தால் பெடல் காலடியில் கரகரவென்று அதிர்கிறது, வண்டியும் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நிற்கிறது. சுங்கச்சாவடி வரிசையில் முன்னால் இருந்த லாரியை இடிக்காமல் தப்பியதே பெரிது. பிரேக் பேடு புதிதாகப் போட்டும் பயனில்லை. விடிந்தால் லோடு இருக்கிறது, விரைவாகச் சொல்லுங்கள்.

காட்பாடி டூல்ஸ்: எந்த வேகத்தில் அதிர்கிறது, ஏபிஎஸ் (சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் பிரேக் அமைப்பு) விளக்கு எரிகிறதா, சாலை ஈரமா காய்ந்ததா என்று எதையும் சொல்லவில்லையே ஐயா. வண்டியில் ஏபிஎஸ் இருக்கிறதா என்பதே தெரியவில்லை.

ஆற்காடு லேத்: பார்க்காமலே சொல்வேன், பேடு கவ்வும் வட்டத் தட்டு, அதாவது டிஸ்க், கோணியிருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவி வாங்கினால் சரியாகிவிடும்.

பதினேழு ஸ்பேனர்: தம்பி, ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் அதிரத்தான் செய்யும். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்தைச் சென்சார் கவனிக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிடச் சட்டென்று வேகம் குறைந்தால் அது பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி முடிவு செய்து, அந்தச் சக்கரத்தின் பிரேக் அழுத்தத்தை ஒரு நொடிக்குள் பல முறை விட்டுவிட்டுக் கொடுக்கிறது. வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறை புரட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

பள்ளிகொண்டா லோடு: கையேடு கிடையாது, செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. ஏபிஎஸ் உண்டு, விளக்கு எரியவில்லை. சாலை காய்ந்துதான் இருந்தது. வேகத்தில் மிதித்தால் ஒன்றுமில்லை. வேகம் பத்து கிலோமீட்டருக்குக் கீழே வந்த பிறகுதான் அதிர்கிறது.

ராணிப்பேட்டை வயரிங்: டிஸ்க் கோணியிருந்தால் வேகத்தில்தான் அதிர்வு கூடுதலாகத் தெரியும். காய்ந்த சாலையில், நடை வேகத்தில், எந்தச் சக்கரமும் பூட்டாதபோது ஏபிஎஸ் இயங்குகிறது என்றால் ஏதோ ஒரு சென்சாரின் சிக்னல் பலவீனமாக இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய வகைச் சென்சாரில் சக்கரம் மெதுவாகச் சுழலச் சுழல மின்னழுத்தமும் குறையும். சென்சாருக்கும் பல்வளையத்துக்கும் இடையே துரு ஏறி இடைவெளி கூடியிருந்தால், வண்டி நிற்பதற்கு முன்பே அந்தச் சக்கரம் நின்றுவிட்டதாகக் கணினி நம்பிவிடுகிறது. அறுந்த வயரைக் கண்டுபிடிப்பதுபோல இதைக் கண்டுபிடிக்க அதனால் முடிவதில்லை, ஆகவே விளக்கும் எரிவதில்லை. வண்டிக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி மெதுவாக ஓட்டி, நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒருசேரப் பாருங்கள். மூன்று சக்கரங்கள் எட்டு கிலோமீட்டர் வேகம் காட்டும்போது ஒன்று மட்டும் பூஜ்யத்துக்கு விழுந்தால் அதுதான் குற்றவாளி. ஸ்கேனர் இல்லையென்றால், ஆளில்லாத மைதானத்தில் ஏபிஎஸ் ஃப்யூஸை எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டி மிதித்துப் பாருங்கள். அதிர்வு போய்விட்டால் சந்தேகமே வேண்டாம். ஆமாம், என்ன லோடு ஏற்றுகிறீர்கள்?

போளூர் ரோடு: எடுத்த ஃப்யூஸைத் திரும்பப் போடவே வேண்டாம். ஜவ்வாது மலையில் ஜல்லி கொட்டிய பாதையில் ஏபிஎஸ் இருந்தால் வண்டி கூடுதல் தூரம்தான் ஓடுகிறது.

காட்பாடி டூல்ஸ்: ஜல்லியில் தூரம் கூடும் என்பது உண்மைதான், ஆனால் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது என்பதையும் மலைப்பாதையில் ஓட்டுபவர் நினைத்துப் பார்க்க வேண்டும். மேலும், முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையையும் பல வண்டிகளில் இதே அமைப்புதான் செய்கிறது. லோடு இல்லாத பிக்கப்பில் பின்சக்கரம் முதலில் பூட்டினால் வால் சுற்றிவிடும்.

போளூர் ரோடு: பழைய வண்டிகளில் அந்த வேலைக்குப் பின்பக்க ஆக்ஸிலோடு இணைத்த வால்வு இருந்தது, யாருக்கும் வால் சுற்றவில்லை.

பதினேழு ஸ்பேனர்: அந்த வால்வின் கம்பி இறுகிப்போய் வால் சுற்றிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். அறியாதவர்கள் ஃப்யூஸில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

பள்ளிகொண்டா லோடு: பேரணாம்பட்டுக்கு உப்புத்தோல் ஏற்றுகிறேன். அதற்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு?

ராணிப்பேட்டை வயரிங்: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் ஐயா. தோலிலிருந்து வடியும் உப்புத்தண்ணீர் சேஸிஸ் எங்கும் இறங்குகிறது, தோல் மண்டி வாசலில் முன்சக்கரங்களும் உப்புச் சேற்றில்தான் நிற்கின்றன. சென்சாரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தில் பொருமியிருக்கும் துருவைச் சுரண்டி, பல்வளையத்தில் ஒட்டியிருக்கும் இரும்புத்தூளைத் துடையுங்கள். கழற்றும்போது சுத்தியலால் தட்டினால் உடைந்துவிடும். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இதே கோளாறு வரும், ஆகவே சக்கரத்தைத் தூக்கி அசைத்துப் பாருங்கள். இனி ஒவ்வொரு லோடுக்குப் பிறகும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆனால் ஏபிஎஸ் யூனிட்டுக்குள் காற்று புகுந்துவிட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் அதை வெளியேற்ற முடியாது.

பள்ளிகொண்டா லோடு: முன் இடது. துருவைச் சுரண்டிப் போட்டாயிற்று, அதிர்வு இல்லை. நன்றி.

ராணிப்பேட்டை வயரிங்: நல்லது. சென்சாரையே பெயர்க்கும் அளவுக்குத் துரு ஏறியிருந்தால் பின்பக்கம் போகும் இரும்பு பிரேக் பைப்பை உப்பு விட்டுவைத்திருக்காது. கிளிப் பிடித்திருக்கும் இடங்களைத் தேய்த்துப் பார்த்தீர்களா?