நம்ம குடும்பம் (வாட்ஸ்அப் குழு): அக்டோபர் 21

பெரியப்பா: இன்று காவலர் வீரவணக்க நாள். ராமநாதபுரம் ஆயுதப்படை மைதானத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வீடு வந்தேன். மலர் வளையம் வைத்தார்கள், குண்டு முழங்கினார்கள். ரிட்டயர்டு ஆட்களும் நிறைய பேர் வந்திருந்தோம்.

தொண்டி அத்தை: அதென்ன அண்ணே இந்தத் தேதி?

பெரியப்பா: 1959 அக்டோபர் 21. லடாக்கில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற இடம். காணாமல் போன சகாக்களைத் தேடிப் போன மத்திய ரிசர்வ் போலீசார் 10 பேரைச் சீனப் படை கொன்றது. அப்போது அந்த எல்லையில் நின்றது போலீஸ்தான் அம்மா.

அண்ணி: எனக்குப் பூமிநாதன் சார் ஞாபகம்தான் வருகிறது மாமா.

பெரியப்பா: எனக்கும்தான். திருச்சி நவல்பட்டு ஸ்டேஷன் சிறப்பு எஸ்.ஐ. 2021 நவம்பர் 21, விடியாத நேரம். திருடிய ஆட்டோடு பைக்கில் போனவர்களை விரட்டி, திருச்சி மாவட்டம் தாண்டி, கீரனூர் பக்கம் பள்ளத்துப்பட்டி வரை போய்விட்டார். அங்கே ரயில்வே சுரங்கப்பாதையில் மழைத்தண்ணீர். அவர்களால் தாண்ட முடியவில்லை, மடக்கிவிட்டார். துணைக்கு ஆள் கேட்டுப் போன் செய்தார். ஆள் வந்து சேர்வதற்குள் வெட்டிவிட்டார்கள். கைதானவர்களில் ஒருவனுக்கு 19 வயது, மற்ற இருவரும் சிறுவர்கள்.

தொண்டி அத்தை: போயும் போயும் ஆட்டுக்காகவா ஒரு உயிர்!

பெரியப்பா: அப்படிச் சொல்லாதே அம்மா. நம் ஆத்தா நாலு ஆட்டை விற்றுத்தான் உனக்குத் தோடு போட்டாள். ஆட்டைப் பறிகொடுத்தவள் விடிந்ததும் ஸ்டேஷன் வாசலில்தான் வந்து அழுவாள். அது தெரிந்த மனிதர் விரட்டாமல் இருப்பாரா?

அண்ணி: களியக்காவிளை சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சாரும் சுட்டுக் கொல்லப்பட்டபோது செக்போஸ்டில் தனியாகத்தானே இருந்தார்? 2020 ஜனவரி 8. ஓய்வு பெற சில மாதம்தான் பாக்கி. இரண்டு குடும்பத்துக்கும் அரசு தலா ஒரு கோடி கொடுத்தது. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீட்டு அம்மாக்களை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. மாமா, இவரும் போன வாரம் வேதாளைக் கடற்கரைப் பக்கம் ஒற்றை ஆளாக ஒரு வண்டியைத் துரத்தியிருக்கிறார். காலையில் சட்டை முழுக்கக் கருவேல முள். கேட்டால், "கடத்தல் கடல் அட்டை மூட்டை சிக்கியது, ஓட்டியவன் ஓடிவிட்டான்" என்று சிரிக்கிறார்.

தொண்டி அத்தை: மருமகனே, என்ன இது?

அண்ணன்: ஆள் குறைவு அத்தை. துணைக்கு ஆள் வரட்டும் என்று நின்றால் சரக்கு படகில் ஏறிவிடும்.

பெரியப்பா: ஏறட்டும். வண்டி நம்பரை வயர்லெஸ் மைக்கில் சொல். எந்தப் பக்கம் போகிறான் என்று சொல். தூரம் விட்டுப் பின்னால் போ. மடக்கினால் முதுகைக் காட்டாதே. தற்காப்புக்குத் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அன்றைக்கு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு சாரே சொன்னார். நீ எடுத்துப் போகிறாயா?

அண்ணன்: லத்தி மட்டும்தான் பெரியப்பா.

பெரியப்பா: எழுதிக் கொடுத்துக் கேள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பாம்பன் சித்தப்பா: இப்போதுதான் வலையை உலர்த்திவிட்டுப் பார்க்கிறேன். வேதாளையில் நம் கூட்டாளிகள் கரையிலேயே படுப்பவர்கள். அகாலத்தில் வண்டி வந்தால் கடலோரப் போலீஸ் நம்பர் 1093க்கு அடிக்கச் சொல்கிறேன். மகன் கூப்பிட்டால் நாங்களும் ஓடி வருவோம்.

பெரியப்பா: போன் அடித்தால் போதும் தம்பி. கிட்டே போகாதீர்கள், அவர்களிடம் கத்தி இருக்கும்.

அண்ணன்: சரி பெரியப்பா. இன்று ரோந்துக்கு ஏட்டையாவும் கூட வருகிறார். துப்பாக்கிக்கு நாளை எழுதிக் கொடுக்கிறேன்.

அண்ணி: நாளை இல்லை, இன்றைக்கே. ஸ்டேஷன் போனதும் எழுதி, அதைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள்.