வரையாட்டை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: எங்கே பார்த்தீர்கள், உங்கள் பக்கம் என்ன பெயர்?

வால்பாறை வாசி:
ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் சாலையில் மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் அணையைப் படம் எடுக்க எல்லா வண்டியும் நிற்கும். அங்கே நின்றால் நான் முதலில் மேலே இருக்கும் பாறையைத்தான் பார்ப்பேன். மாசி மாதம் ஒரு காலை, பெட்டை ஒன்று குட்டியோடு அங்கே நின்றது. பாறையில் ஒரு கை அகலம்கூட இல்லாத விளிம்பு. தாய் முன்னங்காலை வைத்து, கொஞ்சம் அழுத்திப் பார்த்து, பிறகுதான் உடம்பை நகர்த்தியது. குட்டியும் அதே இடத்தில் அதே மாதிரி காலை வைத்தது. சின்னக் கல் ஒன்று உருண்டு சாலையில் வந்து விழுந்தது. அதுவரை அணையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் திரும்பினார்கள்.

பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி, "இது யாரோட ஆடு?" என்று அப்பாவிடம் கேட்டாள். "மலையாடும்மா" என்றார் அவர். நான் இடையில் புகுந்து, "வரையாடுங்க, நம்ம மாநில விலங்கு" என்றேன். "வரைன்னா?" என்றாள். அந்தப் பாறையைக் கையால் காட்டினேன், அதற்கு மேல் அவள் கேட்கவில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

தேனிக்காரர்:
அண்ணா, நாங்கள் போடியிலிருந்து மூணாறு பக்கமாகத்தான் போவோம். இரவிகுளம் பூங்காவில், ராஜமலைப் பாதையில் பார்த்திருக்கிறேன். வேறெங்கேயும் இவ்வளவு கூட்டமாக இல்லை. பெட்டைகளும் குட்டிகளும் பாதையோரத்திலேயே மேயும். கிடாக்களைப் பார்ப்பதுதான் அபூர்வம். ஒருமுறை பனி விலகியதும் வயசான கிடா ஒன்று புல்மேட்டில் தெரிந்தது. உடம்பு கருத்து, முதுகில் மட்டும் வெள்ளி நிறத் திட்டு, கொம்பு பின்னோக்கி வளைந்து. எங்களைப் பார்த்ததும் சீழ்க்கை அடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான், மேய்ந்துகொண்டிருந்த மொத்தக் கூட்டமும் பாறைச் சரிவுப் பக்கம் பாய்ந்துவிட்டது.

கூட வந்த வனத்துறை ஊழியர் மலையாளி. அவரும் 'வரயாடு' என்றுதான் சொன்னார். எல்லை தாண்டியும் பெயர் மாறவில்லை. பொன்முடிப் பக்கம் வரையாட்டுமொட்டை என்று ஒரு குன்றே இருக்கிறது. குட்டி ஈனும் காலத்தில், பிப்ரவரி, மார்ச் வாக்கில், ராஜமலையை மூடிவிடுவார்கள். போகிறவர்கள் விசாரித்துவிட்டுப் போங்கள்.

தமிழாசிரியை:
அந்தச் சிறுமிக்குப் பாறையைக் காட்டினீர்களே தம்பி, அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. 'வரை' என்றால் மலை என்று அகராதி சொல்லும். ஆனால் அகத்திணையில் 'வரைபாய்தல்' என்று ஒன்று உண்டு. காதல் கைகூடாதவன் மடலேறுவதை, அதாவது பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊரறிய வருவதைச் சொல்வது போலவே, வரையிலிருந்து பாய்ந்து உயிர்விடுவதையும் சொல்வார்கள். சும்மா ஒரு குன்றிலிருந்து யாரும் பாய முடியாது. விழுந்தால் பிழைக்க முடியாத செங்குத்துதான் அங்கே வரை. இந்த ஆடு நிற்கிற இடமும் அதேதான்.

பழைய பெயர் வருடை. சிலப்பதிகாரத்தில், மலைநாட்டு மக்கள் சேரன் செங்குட்டுவனுக்குக் கொண்டுவரும் காணிக்கைப் பொருள்களின் வரிசையில் 'வரையாடு வருடையும் மடமான் மறியும்' என்று வருகிறது. கவனித்துப் படியுங்கள். அங்கே 'ஆடு' விலங்கின் பெயர் இல்லை, வினை. வரையில் ஆடித் திரிகிற வருடை. பரிபாடல் மேஷ ராசியையே வருடை என்கிறது. வானத்தில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு இந்த விலங்கு நம் ஆட்களுக்குப் பழக்கமாக இருந்திருக்கிறது. எனக்கு இது பெரிய சந்தோஷம். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

வால்பாறை வாசி:
டீச்சரம்மா, 'செங்குத்து' என்றீர்களே, இந்த விலங்கின் பிழைப்பே அதில்தான் இருக்கிறது. மேய்வது திறந்த புல்வெளியில். செந்நாயோ சிறுத்தையோ வந்தால் ஓடி ஒதுங்குவது பாறைச் செங்குத்தில். புல்லும் பாறையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் அங்கே வரையாடு நிலைக்கும். சீகையும் பைனும் தைலமரமும் நட்டுப் புல்வெளியை மூடிய இடங்களில், பாறை அப்படியேதான் இருக்கிறது, ஆடு இல்லை. 'மலையாடு' என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த விவரம் கைநழுவிப் போகிறது.

என் மனத்தாங்கல் இன்னொன்று. செய்திகளில் 'நீலகிரி தார்' என்று எழுதுகிறார்கள். நமக்குத் தார் என்றால் ரோட்டில் ஊற்றுவது, இல்லாவிட்டால் வாழைத்தார். இமயமலைப் பக்கத்துச் சொல் ஆங்கிலம் வழியாகச் சுற்றி வந்து, சொந்தப் பெயர் இருக்கிற விலங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நீலகிரி என்ற அடைமொழியும் முழுசாகப் பொருந்தாது. நீலகிரியில் முக்குருத்தியில் இருக்கிறது, சரி. ஆனால் ஆனைமலையிலும் இரவிகுளத்திலும்தான் அதிகம், தெற்கே அகத்தியமலை வரைக்கும் உண்டு. 2025-இல் தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்து எடுத்த கணக்கில் மொத்தம் 2,668. அதில் தமிழ்நாட்டில் 1,303. உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது.

உயிரியல்காரர்கள் பெயரை மாற்றியிருக்கிறார்கள். இமயமலை இனத்தோடு ஒரே பேரினத்தில் வைத்திருந்ததை, 2005-இல் மரபணுவைப் பார்த்துப் பிரித்து, 'நீலகிரிட்ராகஸ்' என்று தனிப் பேரினம் ஆக்கினார்கள். வெள்ளாட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கமாம். தமிழில் வெள்ளாடும் ஆடு, செம்மறியும் ஆடு. வரையாடு என்ற பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

தேனிக்காரர்:
அக்டோபர் 7 வரையாடு தினம். இந்த விலங்கை 1970-களிலேயே ஆராய்ந்த ஈ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக அரசு அறிவித்தது. அதற்குள் இன்னும் நாலு பேர் எழுதினால் நன்றாக இருக்கும். மேகமலைப் பக்கம் பார்த்தவர்கள் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். எந்த மாதம், கூட்டத்தில் குட்டி இருந்ததா, பக்கத்தில் பாறைச் சரிவு எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உப்பு, பிஸ்கட் எதுவும் கொடுத்து அருகே வரவழைக்க வேண்டாம்.