தண்ணீர் ஓரத்திலேயே நின்றுவிடும் லேப்ரடார்: பயத்தைப் போக்க என்ன செய்யலாம்?

புதுவிசில் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. என்னிடம் 8 மாத ஆண் லேப்ரடார் இருக்கிறான். வேட்டைத் துணைக்கென்றே வளர்க்கப்பட்ட வம்சம். தாயும் தந்தையும் தண்ணீரில் விழுந்த வாத்தை எடுத்துவந்து பழகியவை. தரையில் இவனிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. விசில் ஊதினால் உட்காருவான். புதருக்குள் விழுந்த டம்மியை (பறவைக்குப் பதிலாகப் பயிற்சிக்கு எறியும் பொருள்) மோப்பம் பிடித்துத் தேடி எடுத்து என் கையிலேயே கொடுப்பான்.

தண்ணீர் என்றால்தான் சிக்கல். டம்மியைக் குளத்தில் போட்டால் முழு வேகத்தில் ஓரம்வரை ஓடுவான், அங்கே சட்டென்று நின்றுவிடுவான். ஒரு முன்காலை நீட்டித் தொட்டுப் பார்ப்பான், குரைப்பான், திரும்பி என்னைப் பார்ப்பான். தீனியைக் காட்டி அழைத்தால் பின்கால்களைத் தரையில் ஊன்றியபடி உடம்பை மட்டும் எட்டும்வரை நீட்டுகிறான். கால் நகராது.

இதற்கு முன் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சின்னக் குட்டியாக இருந்தபோது ஒரு குட்டையைப் பார்த்தான். மேலே முழுக்கப் பச்சையாகச் சின்னச் சின்ன இலைச்செடி மூடியிருந்தது. புல்தரை என்று நினைத்து அதன்மேல் ஓடினான், அப்படியே உள்ளே போய்விட்டான். தானாகவே நீந்திக் கரையேறினான், அடி எதுவும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்துதான் இப்படி.

தெரிந்தவர் ஒருவர், "தூக்கி உள்ளே போடு, லேப்ரடாருக்கு நீச்சல் ரத்தத்திலேயே இருக்கு" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

ஈரக்கால்

உங்கள் மனம் சொல்வதுதான் சரி, தூக்கிப் போடாதீர்கள். நீந்தும் அசைவு நாய்க்குப் பிறவியிலேயே வருவது உண்மை. உங்கள் குட்டியே அதைக் காட்டிவிட்டான், விழுந்தபோது நீந்தித்தானே வெளியே வந்தான்! அவனுக்கு இப்போது இல்லாதது நீச்சல் அல்ல, நம்பிக்கை. தூக்கிப் போட்டால் "தண்ணீர் ஆபத்து" என்பதோடு "இந்த ஆளும் ஆபத்து" என்றும் சேர்த்துக் கற்றுக்கொள்வான்.

காட்டுவழி

எங்கள் பழைய நாயை அப்படித்தான் தள்ளிவிட்டார்கள், அப்புறம் நன்றாகவே நீந்தியது. எல்லா நாய்க்கும் இவ்வளவு பக்குவம் பார்க்க வேண்டுமா?

நாணல்கரை

காட்டுவழி, தள்ளிவிட்டும் தேறிய நாய்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை மெதுவாக விட்டிருந்தாலும் தேறியிருக்கும். தள்ளியதால் கெட்டுப்போன நாய்தான் மறுபடி தண்ணீர்ப் பக்கமே வராது, அதனால் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பையன் ஏற்கெனவே ஒருமுறை எதிர்பாராமல் உள்ளே போனவன், இவனிடம் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

புதுவிசில் தம்பி, வழி சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். மழை பெய்து தேங்கிய தண்ணீரில் கால் வைக்கிறானா? குளிப்பாட்டினால் என்ன செய்கிறான்? அடி தெரியும் தெளிந்த நீருக்கும் கலங்கிய நீருக்கும் அவனிடம் வித்தியாசம் தெரிகிறதா? தண்ணீர் அல்லாத இடத்தில், உதாரணமாகப் பலகைப் பாலம், வழுக்கும் தரை, அங்கே எப்படி?

புதுவிசில்

நன்றி ஐயா. மழைத்தண்ணீரில் குதித்து ஆட்டம் போடுவான். குழாயில் பீய்ச்சினால் தண்ணீரைக் கடிக்கப் பாய்வான். கூழாங்கல் தெரியும் ஆழமில்லாத ஓடையில் ஒருமுறை கணுக்கால் அளவுக்குத் தானாகவே இறங்கினான். குளம், கலங்கிய நீர், இலை மிதக்கும் நீர் என்றால் கிட்டவே போவதில்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் கவனித்தேன், பலகைப் பாலத்திலும் பளபளப்பான தரையிலும் காலை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் நடக்கிறான்.

நாணல்கரை

அப்படியானால் விஷயம் தெளிவாகிவிட்டது. அவனுக்குத் தண்ணீரைக் கண்டு பயமில்லை, காலுக்குக் கீழே தரை இல்லாமல் போவதுதான் பயம். அவன் பார்த்த பச்சை தரை மாதிரி இருந்தது, ஆனால் தாங்கவில்லை. அதனால் அடி தெரியாத எதையும் நம்ப மறுக்கிறான். அவன் நிலையில் இருந்து பார்த்தால் அது புத்திசாலித்தனமான முடிவுதான். நாம் அதை அடக்க வேண்டியதில்லை. தரை எங்கே இருக்கிறது, எங்கே முடிகிறது, முடிந்த பிறகும் திரும்பி வர வழி இருக்கிறது என்று அவன் காலாலேயே தெரிந்துகொள்ள விட வேண்டும்.

முதலில் இடம். இதில்தான் பாதி வேலை முடியும். கரை செங்குத்தாக இறங்கக் கூடாது, சாய்ந்து சாய்ந்து போக வேண்டும். அடியில் சேறு வேண்டாம். காலை உள்ளே இழுக்கும் சேறு இவனுக்குப் பழைய நினைவைத்தான் கொண்டுவரும். மணலோ கூழாங்கல்லோ இருந்தால் நல்லது. நீரோட்டம் இல்லாத, தெளிவான, வெயில் பட்டு வெதுவெதுப்பான தண்ணீர். குளிர்ந்த நீரில் பாடம் ஆரம்பிக்காதீர்கள், 15 டிகிரிக்குக் கீழே என்றால் காத்திருங்கள். நீங்களே முழங்கால்வரை முன்னால் நடந்து பாருங்கள். நடுவில் திடீர்ப் பள்ளம் இருந்தால் அந்த இடமே வேண்டாம்.

அடுத்து, டம்மியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எடுத்துவரும் ஆசையை வைத்து அவனை உள்ளே இழுத்தால், அவனுக்கு மிகவும் பிடித்த வேலையும் பயத்தோடு ஒட்டிக்கொள்ளும். இப்போதே ஓரத்தில் நின்று குரைக்கிறான் என்றால் அந்த ஒட்டுதல் தொடங்கிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சில வாரம் டம்மி தரையில் மட்டும் இருக்கட்டும்.

தீனியை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்பதையும் மாற்றுங்கள். தண்ணீர்ப் பக்கம் நீட்டி அழைக்காதீர்கள். பின்கால் ஊன்றி உடம்பு நீள்வது, "தீனி வேண்டும், ஆனால் அங்கே வரமாட்டேன்" என்று அவன் இரண்டு பக்கமும் இழுபடுவதன் அடையாளம். தலைகீழாகச் செய்யுங்கள். அவனாகத் தண்ணீர்ப் பக்கம் ஒரு அடி வைத்ததும் பாராட்டி, தீனியை அவனுக்குப் பின்னால், கரைமேல் எறியுங்கள். ஓடிப்போய்த் தின்பான். தின்றுவிட்டு என்ன செய்கிறான் என்று பேசாமல் பாருங்கள். பெரும்பாலும் தானாகவே மறுபடி தண்ணீருக்கு வருவான், முன்னைவிட ஒரு அடி கூடுதலாக. திரும்பிப் போகும் வழி எப்போதும் திறந்திருக்கிறது என்று தெரிந்த நாய்தான் துணிந்து முன்னே போகும். எத்தனையோ கூச்சமான குட்டிகளிடம் இதைப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் எனக்கு அது சந்தோஷம்தான்.

கயிற்றைப் பிடித்து இழுப்பது, பின்னாலிருந்து தள்ளுவது, "ஒண்ணுமில்லடா வா வா" என்று விடாமல் கெஞ்சுவது, மூன்றும் வேண்டாம். நீங்கள் பாட்டுக்குக் கணுக்கால் தண்ணீரில் மெல்ல நடந்துகொண்டிருங்கள். உதட்டை நக்குவது, காரணமில்லாமல் கொட்டாவி விடுவது, வாலை இடுக்குவது, நனையாமலேயே உடம்பை உதறுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஓரத்திலிருந்து தள்ளிப் போய்விடுங்கள். பிடித்த தீனியையே வாங்க மறுத்தால் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்குப் போதும்.

தண்ணீரில் பழகிய அமைதியான பெரிய நாய் ஒன்று கூட வந்தால் பாதி வேலையை அதுவே செய்யும். இடித்துத் தள்ளி விளையாடும் நாய் மட்டும் வேண்டாம்.

ஈரக்கால்

நாணல்கரை ஐயா சொன்னதோடு ஒன்று. வயதையும் கணக்கில் வையுங்கள். 6 மாதத்திலிருந்து 14 மாதம்வரை பல இளம் நாய்களுக்கு நேற்றுவரை சாதாரணமாக இருந்த பொருளே திடீரென்று பயமாகத் தெரியும் ஒரு கட்டம் வரும். இன்று நன்றாகச் செய்தவன் அடுத்த வாரம் பின்வாங்கினால் மனம் தளராதீர்கள். இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடங்கினால் போதும்.

ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னவருக்கும் ஒரு பதில். லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்கள். பிரிட்டனில் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் கென்னல் கிளப் 1903ல் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. விரலிடைச் சவ்வு, நீரை உள்ளே விடாத இரட்டை ரோமம், நீந்தும்போது திசை திருப்ப உதவும் தடித்த வால், எல்லாம் அந்த வழியில் வந்தவை. உடம்பு வந்துவிட்டது என்பதற்காக ஒரு குட்டியின் மனமும் தயாராக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

மருந்துப்பெட்டி

நான் கால்நடை மருத்துவர். பயிற்சியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை, நல்ல கையில் இருக்கிறீர்கள். உடம்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

பச்சையாகத் தெரியும் நீரெல்லாம் ஒன்றல்ல. உங்கள் குட்டி விழுந்தது இலைச்செடி மிதந்த நீர், அது விஷமல்ல. பெயிண்ட் கொட்டியது போல நீலப்பச்சையாகப் படலம் படர்ந்திருந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். சில வகை, நாயைச் சில மணி நேரத்திலேயே கொன்றுவிடும், மாற்று மருந்து கிடையாது. அந்த நீரில் கால் நனைக்கவும் விடாதீர்கள். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம், அதற்கான லெப்டோஸ்பைரோசிஸ் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

பயத்தில் வாயைத் திறந்தபடி நீந்தும் நாய் நிறையத் தண்ணீர் குடித்துவிடும். அதனால் ரத்தத்தில் சோடியம் குறையும். வயிறு உப்புதல், வாந்தி, தள்ளாட்டம், வெறித்த பார்வை தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். அடிக்கடி கரையேற்றி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது. மறுநாள் வால் தூக்க முடியாமல் தொங்கினால் பதற வேண்டாம். குளிர்நீரிலும் கடும் உழைப்பிலும் வால் தசைக்கு வரும் வலி அது, ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சில நாளில் சரியாகும். வலி அதிகம் என்றால் காட்டுங்கள். தொங்கும் காது என்பதால் ஒவ்வொரு முறையும் காதைத் துடைத்து உலர்த்துங்கள்.

புதுவிசில்

சில வாரம் கழித்து எழுதுகிறேன். தீனியைப் பின்னால் எறியும் முறை இவ்வளவு வேலை செய்யும் என்று நினைக்கவில்லை! முதலில் ஓரம், அப்புறம் கணுக்கால், இப்போது நெஞ்சளவு நீரில் என்னோடு நடக்கிறான். குறுகலான ஓர் ஓடையில் நான் அக்கரைக்குப் போய்த் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கொஞ்சம் முனகினான், அப்புறம் நடுவில் தரை இல்லாத இடத்தை நீந்தியே கடந்து வந்துவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டு சந்தேகம். நீந்தும்போது பின்பக்கம் கீழே போய், நிமிர்ந்து நின்று, முன்கால்களால் தண்ணீரை அடிக்கிறான். சீக்கிரம் களைத்துப் போகிறான். அப்புறம், டம்மியை எப்போது திரும்பக் கொண்டுவரலாம்?

நாணல்கரை

படிக்கவே ஆனந்தமாக இருக்கிறது தம்பி. அந்த ஓடையைக் கடந்தது அவன் எடுத்த முடிவு, அதற்குப் பிறகு அவன் வேறு நாய்.

நிமிர்ந்து அடிப்பது புதிதாக நீந்தும் நாய்களிடம் சகஜம். பின்கால்களை இன்னும் பயன்படுத்தத் தெரியவில்லை. கைப்பிடி உள்ள நாய் லைஃப் ஜாக்கெட் ஒன்று போடுங்கள். அது பின்பக்கத்தை மேலே தாங்கும், உடம்பு கிடையாகும், தெறிக்கும் தண்ணீர் முகத்தில் அடிப்பதும் நிற்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், எதிலாவது மாட்டிக்கொள்ளும். பின்கால் உதைக்கத் தொடங்கியதும் ஜாக்கெட் தேவைப்படாது.

டம்மியை இப்போது கொண்டுவரலாம். முதலில் நீரோரத் தரையில் போடுங்கள். பிறகு பாதி நனையும் இடத்தில், பிறகு அவன் உடல் நீளத்துக்கு உள்ளே, நடந்தே எட்டும் ஆழத்தில். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வீச்சு போதும், இன்னும் வேண்டும் என்று அவன் கேட்கும்போதே நிறுத்துங்கள். உட்கார்ந்து காத்திருக்கும் கட்டளையை இப்போதைக்குத் தண்ணீர் ஓரத்தில் கேட்காதீர்கள், டம்மி விழும்போதே ஓட விடுங்கள். வெள்ளை டம்மி எடுங்கள். ஆரஞ்சு நிறம் நம் கண்ணுக்குத்தான் பளிச்சென்று தெரியும், நாய்க்கு மங்கல். அவன் எடுக்கப் போகாத டம்மியின் பக்கம் கல்லெறிந்து வழிகாட்டாதீர்கள், கல்லைத் தேடிப் போவான்.

காட்டுவழி

நானும் படித்துக்கொண்டுதான் வருகிறேன். அடுத்த குட்டிக்கு இதைத்தான் செய்யப் போகிறேன். ஒரு கேள்வி: துப்பாக்கிச் சத்தத்தையும் தண்ணீரையும் எப்போது சேர்ப்பது?

நாணல்கரை

இரண்டும் தனித்தனியாக உறுதியான பிறகுதான். சத்தத்துக்குத் தரையில் தொலைவிலிருந்து பழக்கி, அது கேட்டதும் டம்மியை எதிர்பார்த்து வானத்தைப் பார்க்கும் நிலைக்கு வர வேண்டும். தண்ணீரில் தயங்காமல் குதிக்க வேண்டும். அதன் பிறகும் முதல் நாள் சத்தம் வெகுதூரத்தில் இருக்கட்டும், டம்மி எளிதான இடத்தில் விழட்டும்.

புதுவிசில்

மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: கரையேறியதும் டம்மியைக் கீழே போட்டுவிட்டு உடம்பை உதறுகிறான். தரையில் அப்படிச் செய்ததே இல்லை.

நாணல்கரை

காதில் நீர் போனால் உதறத்தான் செய்வான், அதைத் திட்டாதீர்கள். நீங்கள் நீரின் ஓரத்திலேயே, இன்னும் நல்லது கணுக்கால் நீரிலேயே நின்று, அவன் உதறுவதற்கு முன் டம்மியை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியபின் உதறட்டும். அது பழக்கமானதும் ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்து நில்லுங்கள். நடுவில் எங்கேனும் கீழே போட்டால் மறுபடி ஓரத்துக்கு வந்துவிடுங்கள்.