சந்தனப் பொட்டோடு திரும்பி வந்த கம்ப்யூட்டர்

அலுவலகத்தின் பழைய கம்ப்யூட்டர்களைக் கழிப்பது பற்றி மூன்று பேரின் அனுபவம்.

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், ஐ.டி. பொறுப்பு:

எங்கள் பக்கம் ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் கம்பெனி முழுக்கக் கழுவித் துடைப்பார்கள். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த ரேக், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே வண்டியில் பழைய இரும்புக் கடைக்குப் போகும். எடை போட்டு, கிலோவுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, அக்கவுண்ட்ஸில் ஒரு வவுச்சர். வருடக்கணக்காக அப்படித்தான். கேட் பாஸில் நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

மூன்று வருடம் முன்பு அவிநாசிப் பக்கத்திலிருந்து ஒரு அண்ணன் போன் செய்தார். மகள் படிப்புக்கு செகண்ட் ஹேண்டில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். "ஏனுங்க, உங்க கம்பெனி ஆளுக ஆதாரு, பேங்க் நம்பரெல்லாம் இதுல கெடக்குதுங்க. மனசு கேக்கல, அதான் கூப்பிட்டனுங்க."

மேனேஜரும் நானும் அன்று சாயந்திரமே போனோம். கேபினெட்டின் முகப்பில் எங்கள் ஸ்டிக்கர். அதன் மேல் முந்தின பூஜைக்கு வைத்த சந்தனம், காய்ந்து வெடித்து, நடுவில் குங்குமம். உள்ளே சம்பள ஃபோல்டர். தையல் பிரிவு, செக்கிங் பிரிவு என்று ஆள்வாரியாக ஆதார் ஸ்கேன், பாஸ்புக் முதல் பக்கம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் காகிதங்கள். அந்த அண்ணனுக்கு வேறு மெஷின் கொடுத்து அதைத் திருப்பி வாங்கி வந்தோம். வழி நெடுக இரண்டு பேரும் பேசவில்லை.

எப்படி நடந்தது என்று பார்த்தால், பவர் வரவில்லை என்று ஒதுக்கிய மெஷின் அது. போனது உள்ளே மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி மட்டும்தான். கடையில் வேறு ஒன்றை மாட்டியதும் எழுந்துவிட்டது. மெஷின் செத்தால் தகவல் தங்கும் டிஸ்கும் செத்ததாக நினைத்திருந்தோம். இன்னொன்றையும் சொல்கிறேன்: குயிக் ஃபார்மட் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஹார்டு டிஸ்கில் பெயர்ப் பட்டியல்தான் போகும், ஃபைல்கள் அங்கேயே இருக்கும். இலவச மென்பொருளே மீட்டுக் கொடுத்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரை எடை போடுவதில்லை, எண்ணுகிறோம். மாற்றியது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான், மற்றதெல்லாம் அதிலிருந்து வந்தவை. மெஷினை மேசையிலிருந்து எடுத்த நாளிலேயே அதன் சீரியல் நம்பரும் டிஸ்கின் சீரியல் நம்பரும் தனித்தனியாகப் பதிவாகும். வைக்கும் அறைக்கு ஒரே சாவி, ஒரே ஆள். டிஸ்கைக் கழற்றி, ஹார்டு டிஸ்க் என்றால் முழுதும் மேலெழுதி அழிப்போம். சிப்பில் தகவல் வைக்கும் எஸ்எஸ்டிக்கு மேலெழுதுவது போதாது, கண்ணுக்குத் தெரியாத உதிரி இடத்தில் தகவல் தங்கும். தயாரித்த கம்பெனியின் அழிப்புக் கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும். ஓடாத டிஸ்க் தூளாக்கப் போகும். மெயின்டனன்ஸ் பிரிவின் டிரில்லில் ஓட்டை போட்டு அனுப்பலாமே என்றார்கள். ஓட்டை முழு அழிப்பு ஆகாது, நம் ஆள் கூடவே போய் தூளாவதைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

முதலாளியிடம் பேசியதுதான் கஷ்டம். "இரும்புக் கடைக்காரன் எச்சாத் தர்றானே தம்பி" என்றார். 2022 மின்கழிவு விதிகளைக் காட்டினேன். 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ளவை. மின், மின்னணுச் சாதனங்கள் ஆயிரமோ அதற்கு மேலோ பயன்படுத்தும் நிறுவனம் மின்கழிவுக்கெனப் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவைக் கொடுக்க வேண்டும். "நம்மகிட்ட ஆயிரம் கம்ப்யூட்டர் எங்க இருக்குது?" என்றார். கம்ப்யூட்டர் மட்டும் கணக்கில்லை, பிரிண்டர், போன், ஏசி எல்லாம் சேரும். எண்ணிப் பார்த்தோம். தாண்டியிருந்தோம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதையும் சொன்னேன்.

ஆனால் அவரை அசைத்தது வேறு. பழைய கம்ப்யூட்டரைப் பிரிப்பவர்கள் போர்டில் உள்ள தங்கத்துக்காக அதை ஆசிடில் ஊறப்போட்டு, அந்த ஆசிடைச் சாக்கடையில் கொட்டுவார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடியதையும், 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியதையும் கண்ணால் பார்த்தவர். "இதும் அந்த மாதிரிதானா?" என்று கேட்டுவிட்டு ஃபைலில் கையெழுத்துப் போட்டார்.

ஈரோடு, ஆடிட்டர் அலுவலகம்:

எங்களுக்குச் சிக்கல் ஜெராக்ஸ் மெஷினில். மாற்ற வந்த ஆள் தள்ளிக்கொண்டு போக இருந்தார். உள்ளே ஹார்டு டிஸ்க் இருக்குமே என்று கேட்டேன். "அது மெஷினோட சேர்ந்ததுங்க்கா" என்றார். ஸ்கேன் செய்யும் பான் கார்டு, கணக்கு விவரம் எல்லாம் அதில் தங்கக்கூடும். விடவில்லை, கழற்றி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினேன். புது ஒப்பந்தத்தில் டிஸ்க் எங்களுக்கே என்று ஒரு வரி சேர்த்தோம். வாடகை மெஷின் வைத்திருப்பவர்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் பாருங்கள்.

அப்புறம், டிஸ்கை அழித்ததற்கான சர்டிஃபிகேட் வாங்கும்போது "கணினிக் கழிவு, இத்தனை கிலோ" என்று மட்டும் இருந்தால் வாங்காதீர்கள். ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் நம்பரும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது வெறும் ரசீது.

கோவை, பழைய கம்ப்யூட்டர் சீரமைக்கும் தொழில்:

நான் வாங்கும் பக்கத்தில் இருப்பவன். பயந்து போய் எல்லாவற்றையும் உடைத்து அனுப்பும் கம்பெனிகளும் உண்டு. டிஸ்கை எடுத்தால் போதும். மதர்போர்டை ஏன் சுத்தியலால் அடிக்க வேண்டும்? 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றதும், விண்டோஸ் 11 ஏற்காத இன்டெல் ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் குவிந்துவிட்டன. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் ஒரு பள்ளிக்கூட லேபுக்கு இன்னும் சில வருடம் ஓடும். அந்த உயிரை அடித்துக் கொல்லாதீர்கள்.

மெஷின் ஆன் ஆகும்போதே கேட்கும் பயாஸ் பாஸ்வேர்டை எடுக்காமல் அனுப்புகிறார்கள். போட்ட ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார், கேட்டால் யாருக்கும் தெரியாது. நல்ல லேப்டாப்கள் அதனாலேயே உதிரி பாகமாகின்றன. உப்பிய பேட்டரியை மட்டும் தயவுசெய்து மற்றவற்றோடு அடுக்காதீர்கள். அழுத்தம் பட்டால் தீப்பிடிக்கும். தனியாக வையுங்கள், முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

திருப்பூரிலிருந்து மீண்டும்:

பயாஸ் பாஸ்வேர்டு எங்கள் பட்டியலில் இல்லை, அண்ணா. போன லாட்டில் பதினோரு லேப்டாப் அப்படியே போயிருக்கிறது. அந்த பாஸ்வேர்டு இன்னும் என் நோட்டில் இருக்கிறது. லாட்டை எடுத்தவரிடம் காலையில் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன்.